சத்தம் போடும் ஹப்

“என்னாங்க, அது வேணாங்க. சத்தம் போடாததுதான் இருக்கே!”

சிசிலி கணவன் பத்திநாதனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

லிந்துலை சைக்கிள் கடையின் மேசையில் இரண்டு ஹப்புகள் இருந்தன. பத்திநாதனின் சைக்கிளில் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப் வெடித்துவிட்டது. தேயிலைத் தோட்டத்துத் தபால் பையைச் சுமப்பது அவன் வேலை. சைக்கிள் இல்லையென்றால் வேலையும் இல்லை.

கடைக்காரர் சின்னத்தம்பி ஒன்றைச் சுற்றிக் காட்டினார்.

“இது, பின்னுக்கு மிதிச்சா பிரேக் புடிக்கும். எறக்கத்துக்கு நல்லது. சத்தமே வராது.”

மற்றதைச் சுற்றினார். ‘கிர்ர்ர்’ என்று கடை முழுக்கக் கேட்டது.

“இது கெளம்புனா அக்கரப்பத்தனை வரைக்கும் கேக்கும்!”

“அதையே போடுங்கண்ணே” என்றான் பத்திநாதன்.

சிசிலி கடைக்கு வெளியே மலைப்பாதையைப் பார்த்தாள். சிங்கள-தமிழ்க் கலவரம் அடங்கி ஒரு மாதங்கூட ஆகவில்லை. தோட்டத்து மேல் டிவிசனில் எரிந்த லயத்து வீடுகளுக்கு இன்னும் கூரை போடவில்லை. அந்தப் பாதையில்தான், பனி இறங்கிய பிறகு, இவர் தனியாக வரவேண்டும். கிர்ர்ரென்று வந்தால், ஒளிந்திருக்கிறவனைக் கூப்பிட்டு ‘நான்தான் வர்றேன்’ என்று சொன்ன மாதிரிதானே?

“போன வாரம் கிளாக்கர் ஐயா சைக்கிள எரவல் வாங்கி ஓட்டுனீங்களே. பூனை மாதிரி வந்தீங்க. அப்புடி இருக்கட்டுமே!”

“அதுனாலதான் வேணாங்குறேன்.”

“விடு தங்கச்சி” என்று சின்னத்தம்பி கண்ணைச் சிமிட்டினார். “கொழுந்து பறிக்கிற பொண்ணுங்க திரும்பிப் பாக்க வேணாமா?”

“பாத்துட்டுப் போகட்டும். இவரு உசுரோட வீடு வந்து சேரணும்ல?”

பத்திநாதன் சத்தம் போடும் ஹப்பையே மாட்டச் சொல்லிக் காசை நீட்டினான். வீம்பு, வெறும் வீம்பு என்று நினைத்தாள்.

ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். பனி இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கிர்ர்ர்... கிர்ர்ர்...

“தூக்கிக்கிட்டாவது வாங்களேன், கும்புடுறேன்!”

“ஒன்னையே தூக்குனதில்ல, இதைத் தூக்கவா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வளைவில் பனிக்குள் ஓர் உருவம் அசையாமல் நின்றது. கையில் கத்தி.

“கவுத?”

யாரென்று சிங்களத்தில் கேட்ட குரல் பெண் குரல். அது நடுங்கியது.

“தோட்டத்துத் தபால்!” பத்திநாதன் சிங்களத்திலேயே சொல்லிவிட்டு, சைக்கிளை அந்த இடத்திலேயே நிறுத்திக் காத்து நின்றான்.

கத்தி மெல்லத் தாழ்ந்தது. விறகுக் கட்டைச் சுமந்த ஒரு பெண் ஓரமாக ஒதுங்கினாள். அவள் சேலையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பிள்ளை. இருவரும் வழிவிட்டார்கள்.

சற்றுத் தூரம் போனதும் சிசிலிக்கு மூச்சு வந்தது.

“பாத்தீங்களா! கத்தியோட நிக்கிறாங்க. நம்ம வர்றது முன்னயே கேட்டுருச்சு!”

“கேக்கத்தான் வேணும் புள்ள.” அவன் குரல் இறங்கியது. “போன வாரம் அந்தச் சத்தமில்லாத சைக்கிள்ல திடீர்னு இவங்க பக்கத்துல வந்துட்டேன். புள்ளையப் பின்னால மறைச்சுக்கிட்டு, என்னையப் பாத்து... என்னையப் பாத்து சிசிலி... கொன்னுடாதேன்னு கும்புட்டாங்க.”