அத்தர் பாட்டில்

தமிழ்ச்செல்வி ஒரு சின்ன பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்ததை, சவரம் செய்துகொண்டிருந்த சிங்காரம் கண்ணாடியில் பார்த்துவிட்டான். அத்தர்தான், சந்தேகமே இல்லை. கட்டிய புருஷனுக்காக ஒருநாளும் அத்தர் பூசாதவள்!

"எங்க கெளம்பிட்ட?"

"சிதம்பரம் கோயிலுக்கு. மத்தியானம் வந்துடுவேன். டீ ஆறுது, குடிங்க."

டீயில் சர்க்கரை இல்லை. அவனுக்குச் சுகர் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து இதே கதைதான். இன்றைக்குக் காலையில் கண் விழித்ததுமே, "கக்கூஸ் அடச்சிக்கிச்சு, இதுல போங்க" என்று கழுவிய பக்கெட் ஒன்றை நீட்டினாள். புருஷனுக்கு வீட்டில் இருக்கிற மரியாதை அவ்வளவுதான்.

எல்லாம் அந்த இன்சூரன்ஸ் ஏஜென்ட் மணவாளனால் வந்தது. போன மாதம் டையும் சென்ட்டுமாக வந்து நின்றான்.

"அண்ணே, சுகர் இருக்கறவங்க வருஷா வருஷம் கிட்னி டெஸ்ட் எடுக்கணும். செலவு கம்பெனியோடது. ஆளு நேர்ல வந்து கையெழுத்துப் போட்டாப் போதும். எடுக்கலன்னா நாளைக்கு கிட்னிக்கு ஒண்ணுன்னா பணம் தரமாட்டாங்க."

டெஸ்ட் எடுத்தால்தான் வியாதியே வரும் என்பது சிங்காரத்தின் கட்சி. "என் கிட்னிய நான் பாத்துக்கறேன், நீ கெளம்பு" என்று விரட்டிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் தமிழ்ச்செல்வியின் செல்போனுக்கு மிஸ்டு கால் வர ஆரம்பித்தது. வந்தால் கொல்லைப்பக்கம் போய்விடுவாள். ஒருநாள் 'மணவாளன்' என்ற பேரை போனில் பார்த்ததிலிருந்து சிங்காரத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இன்றைக்குத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிற தன் பாத்திரக்கடையை அவன் திறக்கவே இல்லை. அவள் பஸ்ஸில் முன்வாசலில் ஏற, இவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பின்வாசலில் ஏறினான்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் மணவாளன் காத்திருந்தான். இருவரும் கோயில் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய் ஒரு லேபுக்குள் நுழைந்தார்கள். டெஸ்ட் எடுக்கிற அளவுக்கா போய்விட்டது! சிங்காரம் துண்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டான். உள்ளே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தான்.

கவுன்டரிலிருந்த பெண் கூப்பிட்டாள். "சிங்காரம் யாருங்க?"

"நான்தான்" என்று எழுந்து போனான் மணவாளன். கூசாமல் கையெழுத்தும் போட்டான்.

சிங்காரம் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "எம் பொண்டாட்டி பத்தாதுன்னு எம் பேரும் வேணுமாடா ஒனக்கு?"

லேபே திரும்பிப் பார்த்தது. தமிழ்ச்செல்வியின் கையில் அந்தப் பாட்டில் இருந்தது. சிங்காரம் அதை வெடுக்கென்று பிடுங்கினான்.

"இவனுக்குத்தான அத்தர் கொண்டாந்த?" மூடியைத் திருகி, மூக்கருகே வைத்து ஆழமாக இழுத்தான்.

தமிழ்ச்செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். "டெஸ்டுக்கு வரவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு? இவரு கால்ல விழாத கொறையாக் கெஞ்சி அழைச்சாந்தேன். எனக்கு நீங்க வேணாமா?" அவள் கண் கலங்கியிருந்தது.

சிங்காரம் ஒன்றும் புரியாமல் இன்னொரு தடவை முகர்ந்தான்.

"மோந்தது போதும், மூடுங்க. காலைல நீங்க பக்கெட்ல போனதுதான் அது."