ரஸ்ஸல் சொல்றான்

பரணிலிருந்து இறங்கி வந்தபோது பெர்னியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மேலே இருக்கும் ஏசி இயந்திரத்தின் ஃபியூஸ் மறுபடியும் போயிருந்தது. பாக்கெட்டில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

மாசசூசெட்ஸில் ஜூலை மாதப் புழுக்கம். அப்பாவின் இதயம் இந்தச் சூட்டைத் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அவள் வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் இந்தப் புது தெர்மோஸ்டாட்டை வாங்கிச் சுவரில் மாட்டினாள். வேலையிடத்தில் இருந்தபடியே போனில் வீட்டின் சூட்டையும் குளிரையும் கவனித்துக்கொள்ளலாம்.

மாட்டியதிலிருந்து ஏசி ஓடவே இல்லை.

சாய்வு நாற்காலியில் அப்பா வால்ட்டர் செல்போனைக் காதில் வைத்திருந்தார். எதிரே டிவியில் பேஸ்பால் ஆட்டம் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"இரு, ரஸ்ஸல்கிட்ட கேக்கறேன்."

ரஸ்ஸல் அவளுடைய அண்ணன். அரிசோனாவில், மாடமாளிகைகளுக்கெல்லாம் ஏசி போட்டுக் கொடுக்கும் இன்ஜினியர். அம்மாவின் அடக்கத்துக்கு வந்தவன் மறுநாளே விமானம் ஏறிவிட்டான். ஆனாலும் ஃபிரிட்ஜ் கதவு முழுக்க அவன் படம்தான். வாசலில் பனி தள்ளுகிறவளுக்கு, மாத்திரை பிரித்து வைக்கிறவளுக்கு, அதில் ஒரு மூலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ரஸ்ஸலோடு பேசுவார். சிரிப்புச் சத்தம் வெளியே வரும். அவளோடு பேசும்போது அப்பா அப்படிச் சிரித்ததில்லை.

"கம்பியெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாக்கச் சொல்றான்."

"பாத்தாச்சு."

"பெட்டியோட வந்த பேப்பரைப் படிக்கச் சொல்றான்."

"இதைச் சொல்றதுக்கு இன்ஜினியர் வேணுமாப்பா?"

அப்பா போனைக் கையால் பொத்தினார். "மெதுவாப் பேசு. அவனுக்குக் கேக்கும்."

பெர்னி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். வயிறு எரிந்தது. ஐம்பது வயதைத் தாண்டியும் அந்த எரிச்சல் சிறுபிள்ளைத்தனமாக அப்படியே இருந்தது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, டார்ச்சைச் சுவரின் ஓட்டைக்குள் அடித்தாள்.

இரண்டு சிவப்புக் கம்பிகள். ஒரே நிறமாயிற்றே என்று அவள்தான் இரண்டையும் முறுக்கி ஒன்றாகச் செருகியிருந்தாள். இப்போது பார்த்தால், ஒன்று கீழே, குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் பாய்லரிலிருந்து ஏறி வருகிறது. இன்னொன்று பரணிலிருந்து இறங்கி வருகிறது. பாய்லரும் ரேடியேட்டரும் வீடு கட்டிய நாளிலிருந்து இருப்பவை. ஏசி எத்தனையோ வருடம் கழித்துத் தனியாக வைத்தது. இரண்டும் தனித்தனியாக மின்சாரம் கொண்டுவருகின்றன. சேர்த்துக் கட்டினால் ஃபியூஸ் போகாமல் என்ன செய்யும்?

"ரெண்டு சிவப்பும் வேற வேறப்பா. பிரிக்கணும்," என்றாள், பாதி தனக்குள்ளேயே.

பிரித்தாள். ஒவ்வொன்றையும் அதனதன் துளையில் செருகினாள். இரண்டு துளைகளையும் இணைத்துக்கொண்டிருந்த குட்டித் தகட்டைப் பிடுங்கி எறிந்தாள். பரணுக்கு ஏறிக் கடைசி ஃபியூஸைப் போட்டு, ஏசிக்கு மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள்.

மேலே ஏதோ முனகியது. பிறகு கூரைத் துவாரத்திலிருந்து குளிர்ந்த காற்று அவள் நெற்றியில் இறங்கியது.

"வந்துடுச்சுடா!" அப்பா போனில் கத்தினார். கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டார். தலையாட்டினார். "பெர்னி, ரெண்டு சிவப்பையும் பிரிக்கணும்னு அவன் முதல்லயே நினைச்சானாம். என்ன மூளை பாத்தியா!"



இதையும் தூக்கி அவனுக்கே கொடுத்தாயிற்று.

அந்தப் போனைப் பிடுங்கி அண்ணனிடம் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று நாற்காலியை நோக்கி நடந்தாள்.

அப்போது அப்பாவின் காதிலேயே போன் மணி அடித்தது.

யாரோடும் பேசிக்கொண்டிராத போன் அடிப்பதுபோல, முழுச் சத்தத்தில் அடித்தது.

அப்பா அதைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது.

போனைப் பிடுங்க நீட்டிய கையைப் பெர்னி மடக்கிக்கொண்டாள்.

"லைன் கட்டாயிருக்கும்பா," என்றாள். "அவன்தான் திரும்பக் கூப்பிடறான். எடுங்க."

எடுத்தார். மருந்துக்கடையின் பதிவுக்குரல் அவள் நின்ற இடம்வரை கேட்டது. உங்கள் மாத்திரைகள் தயாராக இருக்கின்றன, வந்து பெற்றுக்கொள்ளவும்.

அப்பா அதைக் கடைசிவரை கேட்டார். "சரிடா," என்றார். "சொல்லிடறேன். உடம்பைப் பாத்துக்க."

போனை மடியில் வைத்துக்கொண்டார். டிவியைப் பார்த்தபடியே, தொண்டையைச் செருமிவிட்டுச் சொன்னார்:

"இந்த மாதிரி வேலையெல்லாம் உன் அளவுக்குத் தனக்கு வராதுன்னு சொல்றான்."

பெர்னி சுவரிடம் திரும்பிப் போய், தெர்மோஸ்டாட்டின் திருகுகளை முடுக்கினாள். அப்பாவின் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை.

அதற்கும் ரஸ்ஸல்தான் வரவேண்டியிருந்தது.