நீல முத்திரை

அப்பா கொண்டுவந்த பை காலியாக இருந்தது.

பெரிய பை. நான்காக மடித்து நாற்காலிக்கு அடியில் வைத்திருந்தார்.

எட்டு வருடம் கழித்து மகள் வீட்டுக்கு வருகிறவர். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்கூட இல்லை.

யாருடைய துணிமணியை எடுத்துப்போக வந்த பை என்று மகளுக்குத் தெரியும்.

போன வாரம் போனில் சொல்லியிருந்தார். "உன் இஷ்டத்துக்குக் கட்டிக்கிட்ட, நீ பட்டினி கிட. என் பேத்தி சத்துணவுத் தட்டோட நிக்கிறதாக் காதுல விழுந்துச்சுன்னா, மறு பஸ்ஸுல வந்து பிள்ளையத் தூக்கிட்டு வந்துருவேன்."

அவள் தன் பிள்ளை தாரணியின் பெயரைச் சத்துணவுக்குக் கொடுத்து அப்போதே ஒரு மாதம் ஆகியிருந்தது. மில்லில் அவள் கணவனுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று ஆன மாதம்.

இன்று அவனுக்கு வேலை நாள். ரப்பர் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, ஷூவை மாட்டிக்கொண்டு காலையிலேயே போய்விட்டான்.

அவர் கண் வீட்டை அளந்தது. சுவர். ஃபேன். அரிசி டிரம்.

டிரம்மின் மேல் இரண்டு தலையணைகளை அடுக்கியிருந்தாள், யாரும் திறந்துவிடாதபடி.

அவர் உட்கார்ந்திருந்த நாற்காலி பக்கத்து வீட்டுடையது.

தாரணி பள்ளியிலிருந்து வந்ததும் அவள் வாசலிலேயே புத்தகப் பையை வாங்கி, தட்டை முந்தானைக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோனாள். தட்டைப் பற்றித் தாத்தாவிடம் பேசக் கூடாது என்று காலையிலேயே சொல்லிவைத்திருந்தாள்.

முட்டையைப் பற்றிச் சொல்ல மறந்துபோனாள்.

"தாத்தா, கண்ண மூடிட்டுக் கைய நீட்டுங்க."

பாவாடைப் பையிலிருந்து எடுத்து வைத்தாள்.

"உங்களுக்குன்னு திங்காமக் கொண்டாந்தேன்."

அவித்த முட்டை. ஓட்டின் மேல் வட்டமாக நீல முத்திரை. பள்ளிக்கூடத்து முட்டை வெளியே விலை போய்விடக் கூடாது என்று குத்துகிற முத்திரை.

ஊருக்கே தெரியும் அது.

"குடுங்கப்பா, நான் உரிச்சுத் தாரேன்." அவள் கையை நீட்டினாள்.

அவர் கொடுக்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். முட்டையை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது.

அவள் அசையவில்லை.

அவரே உரித்தார். பாதியைப் பேத்தியின் வாயில் வைத்தார். மீதியைத் தன் வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

ஓடு, ஒரு துண்டு விடாமல், அவருடைய சட்டைப் பைக்குள் போயிற்று.

பிறகு குனிந்து காலிப் பையை எடுத்தார்.

"தாரணி, வா தாத்தாகூட."

"அப்பா..."

"கடைத்தெரு எங்கிட்டுன்னு பிள்ளை காட்டட்டும்." அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

தெருமுனை திரும்பினால் கடைத்தெரு. பஸ் ஸ்டாப்பும் அங்கேதான்.

தாரணியின் சலங்கைக் கொலுசு படியிறங்கிப் போனது. கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை.

அவள் அடுப்பை அணைத்தாள்.

முனையில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

ஓடி வாசலுக்கு வந்தாள். தெருவில் அவர்கள் இல்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

படியில் அப்பாவின் தோல் செருப்பு கழற்றிப் போட்டபடியே கிடந்தது.

வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்த அவள் கணவனின் ரப்பர் செருப்பைத்தான் காணவில்லை.