வாய் திறக்காத கன்னியாஸ்திரீ

"கையைக் கீழே விட்டீங்கன்னா குத்திடுவேன், சிஸ்டர்."

வைக்கோல் அள்ளும் கவைக்கம்பைக் கன்னியாஸ்திரீயின் முதுகுக்கு நேராகப் பிடித்தபடி ஹில்டா ஃபென்விக் தேவாலயக் கூடத்துக்குள் நுழைந்தாள். அங்கே தன் ஆட்களோடு உட்கார்ந்திருந்த ஊர்க்காவல் படை சார்ஜென்ட் ஆமோஸ் டட்டிலுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ புரையேறியது.

ஏறாமல் என்ன செய்யும்? சற்று முன்னால் இதே கன்னியாஸ்திரீயை ஊருக்குள் விட்டவரே அவர்தான். மௌன விரதம் என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார் கன்னியாஸ்திரீ. காவலுக்கு நின்ற ஆட்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். ஆமோஸ் பையை வாங்கிக்கொண்டார், வயல் வேலியைத் தாண்டும் வேலிப்படியில் ஏறக் கைகொடுத்தார். ஏறும்போது அங்கி கொஞ்சம் தூக்கிக்கொண்டது. உடனே கண்ணியமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிழைப்புக்குக் கறிக்கடைக்காரர்தான், என்றாலும் ஆங்கிலேயர் அல்லவா? வேலிக்கு அந்தப் பக்கம் வைக்கோல் புரட்டிக்கொண்டிருந்த ஹில்டாவுக்கு அந்தக் கண்ணியமெல்லாம் இல்லை.

ஜெர்மனியிடம் பிரான்ஸ் விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்தது நாம்தான் என்று கென்ட் மாவட்டம் முழுக்கப் பேச்சு. ஜெர்மன்காரன் கன்னியாஸ்திரீ வேஷத்தில் பாராசூட்டில் குதிப்பான் என்று பத்திரிகைகள் வேறு கிளப்பிவிட்டிருந்தன. நிஜக் கன்னியாஸ்திரீகள் வெளியே தலைகாட்டவே பயந்தார்கள்.

ஆமோஸ் மெல்ல அருகில் வந்தார். "அம்மா, விட்டுடுங்க. கேப்டன் திரும்பி வந்தார்னா என் தோலை உரிச்சுடுவார்."

கேப்டன் ஃபென்விக் ஹில்டாவின் கணவர். மேலதிகாரிகளைப் பார்க்கவேண்டும் என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார். அவருடைய மீசை போன யுத்தத்துக்கும் மூத்தது. போன வாரம் இதே கூடத்தில், படையில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி ஹில்டா கேட்டபோது அந்த மீசையை முறுக்கிக்கொண்டுதான் பதில் சொன்னார்.

"உங்களைக் காப்பாத்தத்தானே நாங்க துப்பாக்கி தூக்கறோம்? நீயும் தூக்கிட்டா நாங்க யாரைக் காப்பாத்தறது? என்னிக்கு ஒரு பொம்பளை எதிரியைப் பிடிச்சுட்டு வர்றாளோ, அன்னிக்கு என் துப்பாக்கியையே கொடுக்கறேன். அதுவரைக்கும் நீ டீயைக் கவனி."

கூடமே சிரித்தது. ஆமோஸும் சிரித்தார். ஹில்டா சிரிக்கவில்லை. போன யுத்தத்தில் அவளுடைய அண்ணன்மார் இருவரும் பிரான்சுக்குப் போனார்கள். அவள் வீட்டில் உட்கார்ந்து அவர்களுக்குக் கம்பளிக் காலுறை பின்னினாள். போட்டுக்கொள்ள இருவருமே திரும்பி வரவில்லை. இந்தத் தடவை ஊசியும் நூலுமாக உட்காருவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

சோதனை தொடங்கியது. ஆமோஸ் டீ ஊற்றிக் கொடுத்தார். கன்னியாஸ்திரீ ஒரு கையை மட்டும் இறக்கி ஒரு வாய் குடித்தார், முகத்தைச் சுளித்தார், டீ ஜாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஆமோஸை முறைத்தார். வெந்நீரில் கழுவிச் சூடாக்காத ஜாடியில் டீ போட்டால் ஆங்கிலேயர்களுக்குத்தான் அப்படிக் கோபம் வரும். இவர் ஜெர்மன் இல்லை என்று ஆமோஸ் அடித்துச் சொன்னார்.

ஹில்டா ராஜ வாழ்த்துப் பாட்டைச் சீட்டியடித்தாள். அவ்வளவுதான். கவைக்கம்பையும் மறந்து கன்னியாஸ்திரீயின் கைகள் இரண்டும் சட்டென்று இறங்கின, நெஞ்சு நிமிர்ந்தது, குதிகால்கள் ஒட்டிக்கொண்டன.

"பாருங்கம்மா, எவ்வளவு தேசபக்தி. சுத்தமான நம்ம நாட்டுக்காரங்க."

"நம்ம நாட்டு ஆளுங்கறதுல எனக்குச் சந்தேகமே இல்லை, ஆமோஸ். பொம்பளையாங்கறதுதான் கேள்வி. எந்த மடத்துல இப்படி அட்டென்ஷன்ல நிக்கக் கத்துக்கொடுக்கறாங்க? மேலுதடு மட்டும் எப்படி வெளுத்திருக்கு, பாருங்க."

ஆமோஸ் பார்த்தார். முகம் முழுக்க வெயிலில் சிவந்திருந்தது. மூக்குக்குக் கீழே மட்டும் குழந்தையின் தோல்மாதிரி வெள்ளை. பிரிட்டனுக்குள் எதிரியைக் கைகொடுத்து ஏற்றிவிட்ட முதல் சார்ஜென்ட் தானாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிடறேன்," என்றாள் ஹில்டா. "திரைக்குப் பின்னால கூட்டிட்டுப் போய் அங்கியைக் கழட்டிப் பார்த்துடலாம்."

கன்னியாஸ்திரீ இரண்டடி பின்வாங்கினார்.

"போதும், ஹில்டா."

அந்தக் குரல் கேட்டதும் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தாமாகவே விறைத்து நின்றார்கள். முக்காட்டை உருவி எறிந்தார் கேப்டன் ஃபென்விக். போன யுத்தத்தையே பார்த்த மீசை, நாட்டுக்காக அன்று காலை உயிரை விட்டிருந்தது.

"என் படையில ஒருத்தனுக்காவது கண்ணு இருக்கான்னு பார்க்க வந்தேன்," என்று உறுமினார். "அத்தனை ஆம்பளைங்களும் தொப்பியைக் கழட்டி வழி விட்டீங்க. பையை வேற தூக்கிட்டு வந்தீங்க."

ஆமோஸ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேப்டன் சுவரில் மாட்டியிருந்த தன் துப்பாக்கியை எடுத்து வந்து, எல்லோர் எதிரிலும் மனைவியிடம் நீட்டினார். கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். மீசை இல்லாத அந்த முகத்தில் பெருமை பொங்கியது. அதை மறைக்கவும் இப்போது வழி இல்லை.

"மௌன விரதத்தை எல்லாரும் நம்பினாங்க. நீ மட்டும் எப்படி எதிரின்னு கண்டுபிடிச்சே?"

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, கவைக்கம்பை அவர் கையில் கொடுத்தாள் ஹில்டா.

"எதிரியா? வேலிப்படி ஏறும்போதே நீங்கதான்னு தெரியும். எந்தக் கன்னியாஸ்திரீ பட்டுக் காலுறை போடறா? அதுவும் என்கிட்ட இருக்கற ஒரே ஜோடியை!"