இன்றைய அடையாளங்கள்

ஸ்கூல் வேன் வர ஐந்து நிமிடம் இருக்கும்போது ஏழு வயது ஆதிரை வாசலில் வந்து நிற்பாள். அம்மா கோமதிக்குத் தினமும் அங்கேதான் பரீட்சை.

"கண்ணை மூடிக்கோம்மா. நான் என்ன போட்டிருக்கேன்?"

போன மாதம் காணாமல் போன ஒரு குழந்தையின் அம்மாவிடம், பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று செய்தி சேனல்காரர்கள் கேட்டார்கள். அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் விழித்த விழிப்பை ஒரு வாரம் போட்டார்கள், பின்னணி இசையோடு. அதிலிருந்துதான் இந்த ஏற்பாடு.

"யூனிஃபார்ம்தான்டி."

"எல்லாப் பிள்ளைங்களும் அதான் போட்டிருக்கும். என்னை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?"

கோமதி சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "இடது முட்டியில பிளாஸ்திரி. ஒரு ரிப்பன் சாயம் போனது. மேல்பல்லு ரெண்டு இல்ல."

"பாஸ்."

வேன் ஹாரன் அடித்தது. "உன்னை யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ஓடு."

ஆதிரை நகரவில்லை. கோமதியைத் தலையிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தாள்.

"நீயும் ஆபீஸ் போறல்ல? மெதுவா ஒரு சுத்து சுத்தும்மா. மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

வேன் மறுபடியும் ஹாரன் அடித்தது. கோமதி மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தாள்.