சத்தமில்லாத பம்ப்

கோபாலபுரம் சுந்தரராமன் சார் எனக்குத் தர வேண்டிய கூலி இரண்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். மனைவியின் தூக்கம் கெடக் கூடாதென்று ஷவருக்குச் சத்தமில்லாத பம்ப் பார்த்து வாங்கினார். நான் மாட்டிய மறுவாரம் இறந்துவிட்டார்.

காரியம் முடிந்ததும் அவர் மனைவி ஜானு அம்மா கூப்பிட்டார்.

"பழைய பம்பையே மாட்டிடுப்பா."

"அது கத்திக்கினே கீதுன்னுதானேம்மா மாத்துனீங்க?"

"இது ஓடறதே தெரியலையே."

மாட்டினேன். உள்ளே ஷவரைத் திறந்தால்தான் பம்ப் ஓடும். ஸ்பானரைப் பையில் போடும்போது ஓடியது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். குளியலறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

அம்மாவின் முகம் தெளிந்தது.

"செத்த உட்காருப்பா. குளிச்சுட்டு வந்து அவரே பணம் தருவார்."

"துட்டு வாணாம்மா" என்றேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.