மோர் கேட்டு வருபவள்

உடம்பில் எச்.ஐ.வி. இருந்தால் வீட்டுக் கண்ணாடிக்கு முதலில் தெரிந்துவிடும். ஆனால் துணைக்கு ஆள் வந்து பக்கத்தில் உட்காரும்வரை அது வாயைத் திறக்காது. அந்தத் தெருவுக்குத் துணை இந்திராணி. அதே கிருமியோடு நெடுநாளாக நன்றாக வாழ்பவள். எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவள் வீட்டுக் கண்ணாடி காட்டிவிடும்.

ஆரம்பத்தில் அவள் தட்டிய கதவைத் தெருவே வேடிக்கை பார்த்தது. அதனால், யாருக்கு நோய் என்று தெருவுக்குத் தெரியாதிருக்க, மோர் கேட்டு எல்லார் வீட்டுக் கதவையும் தட்ட ஆரம்பித்தாள்.

இன்று லாரி ஓட்டும் செங்கோடன் கதவைத் திறந்தான். "மோருங்களா, அக்கா?"

"ஆமாங் கண்ணு. ரண்டு டம்ளர் கொண்டா. நீயும் பக்கத்துல உக்காரு."

அவன் முகம் வெளுத்தது. "கண்ணாடிங்களா?"

"ஆமா. எனக்கு ஆஸ்பத்திரில சொன்னப்பப் பக்கத்துல ஆருமில்ல. உனக்கு நானிருக்கறேன். மருந்து இருக்குது. லாரியும் ஓட்டலாம், கல்யாணமும் பண்ணலாம்."

எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். "இந்திராணிக்கு இன்னைக்கு அங்க மோர் போலிருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.